உணவுக்குழாய் புற்றுநோய்: ஆரம்ப நிலையில் பெட் ஸ்கேன் எதைக் காட்டும், எதைக் காட்டாது? | முழு விளக்கம்

"சோறு இறங்கும்போது நெஞ்சுல அடைக்குது, தண்ணி குடிச்சா சரியாகுது." உணவுக்குழாய் புற்றுநோய் வந்த பலர் மருத்துவரிடம் முதலில் சொல்வது இதைத்தான். எண்டோஸ்கோபி செய்து, சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதித்து, கேன்சர் என்று ரிப்போர்ட் வந்துவிட்டால் வீட்டில் உடனே ஒரு கேள்வி கிளம்பும். "பெட் ஸ்கேன் எடுத்துடலாமா? உடம்பு முழுக்க எங்கெங்க இருக்குன்னு ஒரே தடவையில தெரிஞ்சுடும்ல?"

நியாயமான கேள்விதான். ஆனால் நோய் ஆரம்ப நிலையிலேயே பிடிபட்டவர்களுக்கு, 'கண்டிப்பா எடுக்கணும்' என்பது எப்போதும் சரியான பதில் இல்லை. சிலருக்கு அந்த ஸ்கேன் எதையும் காட்டாது. சிலருக்கு இல்லாத ஒன்றை இருப்பதுபோல் காட்டி, குணப்படுத்தக்கூடிய நோயாளியின் சிகிச்சையை வாரக்கணக்கில் தள்ளிவிடும். வேறு சிலருக்கோ அது ஒரு பெரிய அறுவை சிகிச்சையையே வேண்டாம் என்று தடுத்து நிறுத்தும்.

யாருக்கு எது? புதுச்சேரியின் பூரணாங்குப்பம் மாதிரி ஒரு கிராமத்திலிருந்து மருத்துவமனைக்குக் கிளம்பும் ஒரு குடும்பத்தின் இடத்தில் நின்று பார்ப்போம்.

எத்தனை பேருக்கு வருகிறது?

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2022-ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட குளோபோகான் மதிப்பீட்டின்படி, உலகம் முழுக்க அந்த ஆண்டில் சுமார் 5 லட்சத்து 11 ஆயிரம் பேருக்கு உணவுக்குழாய் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் இந்த நோயால் இறந்தவர்கள் சுமார் 4 லட்சத்து 45 ஆயிரம் பேர். இந்தியாவில் மட்டும் புதிய நோயாளிகள் 70 ஆயிரத்துக்கும் மேல். மார்பகம், வாய், கருப்பை வாய், நுரையீரல் புற்றுநோய்களுக்கு அடுத்து ஐந்தாவது இடம்.

புதிதாக வருபவர்களின் எண்ணிக்கையும் இறப்பவர்களின் எண்ணிக்கையும் இவ்வளவு நெருக்கமாக இருக்க முக்கியமான காரணம், நோய் தாமதமாகப் பிடிபடுவது. உணவுக்குழாய் நன்றாக விரிந்து கொடுக்கக்கூடிய தசைக்குழாய். உள்ளே கட்டி வளர்ந்து குழாயின் பெரும்பகுதியை அடைக்கும் வரை சாப்பாடு எப்படியோ இறங்கிக்கொண்டே இருக்கும். 'அடைக்குது' என்று உணரும்போது பலருக்கு நோய் ஆரம்ப நிலையைத் தாண்டியிருக்கும்.

பேச்சு வழக்கில் ஒரு சிக்கலும் இருக்கிறது. நம்மூரில் இதைப் பெரும்பாலும் 'தொண்டையில கேன்சர்' என்றுதான் சொல்வோம். ஆனால் தொண்டை வேறு, உணவுக்குழாய் வேறு. தொண்டைக்குக் கீழே, மூச்சுக்குழாய்க்குப் பின்புறமாக, நெஞ்சு வழியாக வயிறு வரை சுமார் 25 சென்டிமீட்டர் நீளத்துக்கு இறங்கும் குழாய்தான் உணவுக்குழாய். தொண்டை வலி என்று நினைத்துக் கஷாயம், மாத்திரை என்று சில மாதங்கள் ஓட்டிவிட்டு, கடைசியில் எண்டோஸ்கோபிக்கு வருபவர்கள் உண்டு.

'ஆரம்ப நிலை' என்றால் என்ன?

உணவுக்குழாயின் சுவர் சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன்தான். அதற்குள்ளேயே பல அடுக்குகள். உட்புறம் சாப்பாடு உரசிக்கொண்டு போகும் மெல்லிய சளிச்சவ்வு. அதற்கு அடுத்து சவ்வடி அடுக்கு. அதையும் தாண்டினால் தசை. கடைசியில் வெளிப்புற இணைப்புத் திசு. குடலுக்கும் இரைப்பைக்கும் வெளியே உறைபோல ஒரு சவ்வு உண்டு. உணவுக்குழாய்க்கு அது கிடையாது. அதனால் சுவரைத் தாண்டிய கட்டி பக்கத்து உறுப்புகளைத் தொடுவதற்குத் தடை குறைவு.

கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை 'டி' என்ற குறியீட்டால் சொல்கிறார்கள்.

• டி1ஏ: சளிச்சவ்வோடு நிற்கிறது.
• டி1பி: சவ்வடி அடுக்குக்குள் இறங்கிவிட்டது.
• டி2: தசைக்குள் போய்விட்டது.
• டி3: தசையைத் தாண்டி வெளித் திசு வரை வந்துவிட்டது.
• டி4: பக்கத்து உறுப்புகளைத் தொட்டுவிட்டது.

இதனோடு நிணநீர் முடிச்சுகளில் பரவியிருக்கிறதா என்பதற்கு 'என்', கல்லீரல், நுரையீரல், எலும்பு மாதிரி தூரத்து உறுப்புகளுக்குப் போயிருக்கிறதா என்பதற்கு 'எம்'. கழுத்தில் 'நெறி கட்டியிருக்கு' என்போமே, அந்த நெறிதான் நிணநீர் முடிச்சு. நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் அவை ஏராளம்.

ஆரம்ப நிலை என்று பொதுவாகச் சொல்வது டி1 கட்டிகளை. ஆனால் டி1ஏ-வுக்கும் டி1பி-க்கும் நடுவில்தான் பெரிய கோடு இருக்கிறது. டி1ஏ நோயாளிகளில் நிணநீர் முடிச்சுக்குப் பரவியிருப்பது நூற்றில் ஒரு சிலருக்கு மட்டும்தான். டி1பி ஆகிவிட்டால் அது ஐந்தில் ஒருவர் என்ற அளவுக்கு ஏறுகிறது. சில ஆய்வுகளில் இன்னும் அதிகம். சவ்வடி அடுக்கில் நிணநீர் நாளங்கள் வலைபோல் பின்னிக் கிடப்பதே காரணம்.

நடைமுறையில் இதன் பொருள் பெரியது. டி1ஏ என்றால், பல நேரங்களில் வாய் வழியாக எண்டோஸ்கோப்பை விட்டே கட்டியைச் செதுக்கி எடுத்துவிட முடியும். நெஞ்சைத் திறக்க வேண்டாம், உணவுக்குழாயையே எடுக்க வேண்டாம். ஆழம் அதிகமானால் பேச்சே வேறு. உணவுக்குழாயை எடுத்துவிட்டு இரைப்பையை மேலே இழுத்து இணைக்கும் பெரிய அறுவை சிகிச்சை, அல்லது கீமோவும் கதிர்வீச்சும் சேர்ந்த சிகிச்சை தேவைப்படலாம்.

அதாவது, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழ வித்தியாசம் ஒருவரின் மீதி வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதை முடிவு செய்கிறது. அந்த வித்தியாசத்தைப் பெட் ஸ்கேன் காட்டுமா?

பெட் ஸ்கேன் எப்படி வேலை செய்கிறது?

சிடி ஸ்கேன் உறுப்பின் வடிவத்தைக் காட்டும். பெட் ஸ்கேன் உறுப்பு என்ன செய்கிறது என்பதைக் காட்டும். குறிப்பாக, எந்த இடத்து செல்கள் சர்க்கரையை அதிகமாகத் தின்கின்றன என்பதை.

புற்றுநோய் செல்கள் சாதாரண செல்களைவிட அதிகமாகக் குளுக்கோஸை எரிப்பதை 1920-களிலேயே ஜெர்மனி விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் கவனித்தார். பின்னாளில் 1931-இல் நோபல் பரிசு பெற்றவர். அந்தப் பசியைத்தான் பெட் ஸ்கேன் பயன்படுத்திக்கொள்கிறது.

குளுக்கோஸ் மாதிரியே இருக்கும் ஒரு பொருளில் ஃப்ளோரின்-18 என்ற கதிரியக்க அணுவை ஒட்டி, ஊசி மூலம் ரத்தத்தில் செலுத்துகிறார்கள். இதன் பெயர் எஃப்டிஜி. செல்கள் இதைச் சர்க்கரை என்று நினைத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் முழுசாக எரிக்க முடியாது. எனவே அது செல்லுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு நிற்கும். அங்கிருந்து வெளிவரும் பாசிட்ரான் என்ற துகள், பக்கத்தில் உள்ள எலக்ட்ரானோடு மோதி இரண்டும் மறைந்து, எதிரெதிர் திசையில் இரண்டு காமா கதிர்களாகக் கிளம்பும். உடம்பைச் சுற்றி வளையமாக இருக்கும் உணரிகள் அந்த ஜோடியைப் பிடித்து, எந்த இடத்திலிருந்து வந்தது என்று கணக்குப் போடும். அதிகமாக வந்த இடம் படத்தில் ஒளிரும்.

இப்போது கிட்டத்தட்ட எல்லா இடங்களிலும் இருப்பது பெட்-சிடி. இரண்டு ஸ்கேனும் ஒரே படுக்கையில், ஒன்றன்மேல் ஒன்று பொருத்திப் பார்ப்பது.

ஃப்ளோரின்-18-இன் அரை ஆயுள் சுமார் 110 நிமிடம்தான். காலையில் தயாரித்த மருந்து மதியத்துக்குள் பாதிக்கும் கீழே போய்விடும். அதை சைக்ளோட்ரான் என்ற பெரிய இயந்திரத்தில்தான் தயாரிக்க முடியும். அதனால்தான் பெட் ஸ்கேன் எல்லா ஊரிலும் இல்லை. இருக்கும் இடத்திலும் 'நாளைக்கு வாங்க, காலையில 7 மணிக்கு வந்துடுங்க' என்று நேரத்தில் கறாராக இருக்கிறார்கள்.

ஆரம்ப நிலையில் ஏன் தடுமாறுகிறது?

மூன்று காரணங்கள்.

முதலாவது, அளவு. பெட் ஸ்கேனால் தெளிவாகப் பிரித்துக் காட்ட முடிவது சுமார் 4 முதல் 6 மில்லிமீட்டர் வரை. உணவுக்குழாயின் மொத்தச் சுவரே 3 மில்லிமீட்டர் என்று மேலே பார்த்தோம். அதில் சளிச்சவ்வில் மட்டும் படர்ந்திருக்கும் ஒரு கட்டி, கோலப்பொடி தூவின மாதிரி மெல்லிசாக இருக்கும். ஒளிர்வதற்கு அங்கே போதுமான செல்களே இருக்காது. டி1 கட்டிகளில் கணிசமானவை பெட் படத்தில் தெரியாமலே போவது இதனால்தான்.

இரண்டாவது, ஆழம். கட்டி ஒளிர்ந்தாலும், அது எந்த அடுக்கு வரை போயிருக்கிறது என்று பெட் சொல்லாது. டி1ஏ-வா டி1பி-யா என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை.

மூன்றாவது, அக்கம்பக்கம். கட்டிக்கு ஒட்டினாற்போல் ஒரு சிறிய நிணநீர் முடிச்சில் நோய் பரவியிருந்தால், கட்டியின் ஒளியிலேயே அந்த முடிச்சு மறைந்துவிடலாம். மூச்சு விடும்போது நெஞ்சு அசைவதால் படமும் லேசாகக் கலங்கும்.

இதில் ஒரு கணக்கைப் பார்க்கலாம். 2004-இல் 12 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு மறுஆய்வு, கட்டிக்கு அருகிலுள்ள நிணநீர் முடிச்சுப் பரவலைப் பெட் எவ்வளவு சரியாகச் சொல்கிறது என்று கணக்கிட்டது. உண்மையில் பரவல் உள்ளவர்களில் 51 சதவீதம் பேரைத்தான் அது பிடித்தது. பரவல் இல்லாதவர்களில் 84 சதவீதம் பேரை 'இல்லை' என்று சரியாகச் சொன்னது. அவை பழைய இயந்திரங்கள், பெரும்பாலும் சிடி சேராத பெட். இன்றைய இயந்திரங்கள் இதைவிட மேல். இருந்தாலும் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள இந்த எண்கள் உதவும்.

டி1ஏ நோயாளிகள் 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 2 பேருக்குத்தான் உண்மையில் முடிச்சில் பரவல். 100 பேருக்கும் பெட் எடுத்தால், அந்த 2 பேரில் ஒருவரைப் பிடிக்கும். மீதி 98 பேரில் 16 சதவீதம், அதாவது சுமார் 16 பேருக்கு, 'முடிச்சில் ஏதோ ஒளிருது' என்று தவறாகச் சொல்லும். ஆக, ஸ்கேனில் 'இருக்கு' என்று வந்த 17 பேரில் 16 பேருக்கு உண்மையில் இல்லை.

ஸ்கேன் அதேதான், இயந்திரமும் அதேதான். நோய் பரவியிருக்க வாய்ப்பு குறைவான ஆட்களுக்கு எடுக்கும்போது, பொய் அலாரம் உண்மை அலாரத்தை முழுங்கிவிடுகிறது. ஆரம்ப நிலையில் பெட் வேண்டுமா என்று மருத்துவர்கள் யோசிப்பதற்கு அடிப்படை இந்தக் கணக்குதான். காசு மிச்சம் பிடிக்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

ஒளிர்ந்தால் எல்லாம் கேன்சரா?

இல்லை. மூளை, இதயம், சிறுநீரகம், சிறுநீர்ப்பை எல்லாம் இயல்பாகவே ஒளிரும். நெஞ்செரிச்சலால் புண்ணான உணவுக்குழாய் ஒளிரும். சதை எடுத்த இடத்தின் காயம் ஒளிரலாம். நிமோனியா ஒளிரும்.

நம் நாட்டுக்கே உரிய பெரிய குழப்பம் காசநோய். இப்போது இருக்கும் டிபி மட்டுமின்றி, எப்போதோ வந்து ஆறியதன் மிச்சமும் நெஞ்சு நடுவே உள்ள நிணநீர் முடிச்சுகளை ஒளிர வைக்கலாம். விறகடுப்புப் புகையும் தூசியும் பல வருடம் சுவாசித்தவர்களின் முடிச்சுகளும் அப்படியே. ஐரோப்பாவில் எழுதப்பட்ட ஸ்கேன் விதிகளை அப்படியே பாகூர் பக்கத்து நோயாளி ஒருவருக்குப் பொருத்த முடியாததற்கு இது ஒரு காரணம்.

ரிப்போர்ட்டில் 'எஸ்யூவி 4.2' என்கிற மாதிரி ஒரு எண் இருக்கும். எஃப்டிஜி எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதன் அளவு அது. '2.5-க்கு மேல போனா கேன்சர்' என்று ஒரு நம்பிக்கை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அப்படி ஒரு மந்திரக் கோடு கிடையாது. ரத்தச் சர்க்கரை, ஊசி போட்டு எத்தனை நிமிடம் கழித்து எடுத்தார்கள், எந்த இயந்திரம் என்பதைப் பொறுத்து அந்த எண் மாறும். சந்தேகமான முடிச்சிலிருந்து ஊசி மூலம் செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் முடிவு சொல்ல முடியும். ஒரு ஒளிப்புள்ளியை மட்டும் வைத்து 'பரவிடுச்சு' என்று சிகிச்சையை மாற்றக் கூடாது.

அப்போ பெட் ஸ்கேனே வேண்டாமா?

அப்படியும் இல்லை. பெட் ஸ்கேனின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. அது தூரத்துப் பரவலைத் தேடுவது.

மேலே சொன்ன அதே 2004 மறுஆய்வில், தூரத்து உறுப்புகளுக்குப் பரவியதைக் கண்டறிவதில் பெட் 67 சதவீதம் பேரைப் பிடித்தது. பரவாதவர்களில் 97 சதவீதம் பேரைச் சரியாக 'இல்லை' என்றது. அமெரிக்காவில் நடந்த 'இசட்0060' என்ற ஆய்வின் முடிவு 2007-இல் வெளியானது. சிடி உள்ளிட்ட வழக்கமான பரிசோதனைகளில் 'ஆபரேஷன் செய்யலாம்' என்று தேர்வான 189 பேருக்குப் பெட் எடுத்தார்கள். அவர்களில் 4.8 சதவீதம் பேருக்கு, அதாவது 9 பேருக்கு, வேறெதிலும் தெரியாத தூரப் பரவல் உறுதியானது. அந்த 9 பேருக்கும் பலன் தராத ஒரு பெரிய அறுவை சிகிச்சை தவிர்க்கப்பட்டது.

எனவே கட்டி டி2 அல்லது அதற்கு மேல் இருந்தால், அல்லது டி1பி என்று சந்தேகம் இருந்து பெரிய அறுவை சிகிச்சைக்குத் திட்டமிட்டால், பெட்-சிடி தன் செலவை நியாயப்படுத்துகிறது. கதிர்வீச்சு கொடுக்கும் எல்லையை வரையவும் அது உதவும்.

சிகிச்சைக்கு நடுவிலும் ஒரு வேலை உண்டு. ஜெர்மனியின் மியூனிக்கில் நடந்து 2007-இல் வெளியான 'மியூனிகான்' ஆய்வில், இரைப்பையோடு சேரும் பகுதியில் கட்டி இருந்தவர்களுக்கு இரண்டு வாரக் கீமோவுக்குப் பிறகு மறுபடி பெட் எடுத்தார்கள். எஸ்யூவி 35 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தவர்களுக்கு மருந்து வேலை செய்கிறது என்று தொடர்ந்தார்கள். குறையாதவர்களுக்கு மருந்தை நிறுத்திவிட்டு நேரே அறுவை சிகிச்சைக்குப் போனார்கள். சிகிச்சை முடிந்து சில மாதங்கள், வருடங்கள் கழித்து நோய் திரும்புகிறதா என்ற சந்தேகம் வரும்போதும் பெட் கைகொடுக்கும்.

இவை எல்லாமே ஆரம்ப நிலையைத் தாண்டியவர்களுக்கான பயன்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆரம்ப நிலை என்றால் எந்த வரிசையில் போக வேண்டும்?

1. எண்டோஸ்கோபி. முதல் இடம் இதற்குத்தான். அயோடின் கலந்த லுகால் கரைசலைத் தெளித்தால், நல்ல சவ்வு பழுப்பாகும், நோயுள்ள இடம் நிறம் ஏறாமல் வெளிறி நிற்கும். குறிப்பிட்ட அலைநீள ஒளியில் ரத்த நாளங்களைப் பார்க்கும் என்பிஐ முறையும் உண்டு. பெட் ஸ்கேன் தவறவிடும் மெல்லிய கட்டியை இந்தக் கண்கள் பிடிக்கும்.

2. பயாப்ஸி. சதைத் துணுக்குப் பரிசோதனை. இந்தியாவில் பெரும்பாலும் தெரியவருவது ஸ்குவாமஸ் வகை. மேலைநாடுகளில் உடல் பருமன், நீண்டகால நெஞ்செரிச்சல் ஆகியவற்றோடு தொடர்புள்ள அடினோகார்சினோமா வகை அதிகம்.

3. சிடி ஸ்கேன். நெஞ்சும் வயிறும்.

4. எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட். எண்டோஸ்கோப்பின் நுனியிலேயே ஸ்கேன் கருவி. சுவரின் அடுக்குகளைத் தனித்தனியாகக் காட்டும். முடிச்சிலிருந்து ஊசியால் செல்லும் எடுக்கலாம். ஆனால் டி1ஏ, டி1பி இரண்டையும் பிரிப்பதில் இதுவும் சில நேரம் தப்பும்.

5. எண்டோஸ்கோபி வழியாகக் கட்டியை அகற்றுதல். இஎம்ஆர், இஎஸ்டி என்பார்கள். இது சிகிச்சை மட்டும் இல்லை, இதுதான் கடைசிப் பரிசோதனையும். அகற்றிய துண்டை நுண்ணோக்கியில் பார்த்து, எத்தனை ஆழம், ஓரங்கள் சுத்தமாக இருக்கா, ரத்த, நிணநீர் நாளங்களுக்குள் நுழைந்திருக்கா என்று எழுதிக் கொடுப்பார்கள். எந்த ஸ்கேனும் இந்த ரிப்போர்ட்டுக்கு ஈடாகாது.

அந்த ரிப்போர்ட்டில் 'சளிச்சவ்வோடு நின்றது, ஓரம் சுத்தம், நாளங்களில் இல்லை' என்று வந்தால், குறிப்பிட்ட இடைவெளியில் எண்டோஸ்கோபி செய்து கண்காணிப்பார்கள். ஆழமாக இருந்தால் அடுத்த சிகிச்சைக்குப் போவார்கள். அந்த இடத்தில் பெட்-சிடி கேட்கப்படலாம்.

பூரணாங்குப்பத்திலிருந்து பார்த்தால்

தவளக்குப்பத்தில் கடலூர் சாலைக்கு வந்து பஸ் பிடித்தால், தெற்கே போகிற வழியில் பிள்ளையார்குப்பம், கிருமாம்பாக்கம் பக்கம் தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. வடக்கே அரியாங்குப்பம் பாலம் தாண்டி ஊருக்குள் போனால் இந்திரா காந்தி அரசுப் பொது மருத்துவமனை. ஊரைக் கடந்து மறுகோடியில், கோரிமேட்டில் மத்திய அரசின் ஜிப்மர். அங்கே மண்டலப் புற்றுநோய் மையமும், குடல் இரைப்பை சிகிச்சைப் பிரிவும், பெட்-சிடி எடுக்கும் நியூக்ளியர் மெடிசின் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. 2023 ஆகஸ்ட் 7 அன்று புதுச்சேரி வந்த குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு, ஜிப்மரில் லீனியர் ஆக்சலரேட்டர் என்ற நவீனக் கதிர்வீச்சு இயந்திரத்தைத் தொடங்கிவைத்தார்.

இந்த விஷயத்தில் புதுச்சேரி கிராமங்கள் பல மாநிலத்துக் கிராமங்களைவிட அதிர்ஷ்டசாலிகள். பெரிய இயந்திரங்கள் ஒரு பஸ் தூரத்தில் இருக்கின்றன. ஆனால் ஒரு முரணும் இருக்கிறது. பெட் ஸ்கேனும் லீனியர் ஆக்சலரேட்டரும் நோய் உறுதியான பிறகு வரும் கருவிகள். நோயை ஆரம்பத்தில் பிடிக்கும் கருவி எண்டோஸ்கோபி. அதற்கு நோயாளியை அனுப்ப வேண்டியவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறார். 'சாப்பாடு அடைக்குது' என்று வருபவருக்கு ஆன்டாசிட் மாத்திரை கொடுத்து அனுப்புவதா, எண்டோஸ்கோபிக்கு எழுதிக் கொடுப்பதா என்று முடிவாகும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் டி1-ஆ, டி3-ஆ என்பது பெருமளவு தீர்மானமாகிறது.

மத்திய அரசின் தொற்றா நோய்த் திட்டத்தில் 30 வயதுக்கு மேற்பட்டோருக்கு வாய், மார்பகம், கருப்பை வாய் என மூன்று புற்றுநோய்களுக்குத்தான் பரிசோதனை. உணவுக்குழாய் அதில் இல்லை. எல்லோருக்கும் எண்டோஸ்கோபி செய்வது நடைமுறையில் சாத்தியமில்லை என்பதும் உண்மை. சீனாவின் ஹெனான் மாகாணத்து லின்சியன் மாதிரி நோய் மிக அதிகமுள்ள பகுதிகளில்தான் அயோடின் எண்டோஸ்கோபியைக் கொண்டு மக்களைப் பரிசோதித்தார்கள். ஆனால் வாய்ப்புற்றுக்காக வாயைத் திறந்து பார்க்கும் அதே செவிலியர், 'சோறு இறங்குறதுல சிரமம் இருக்காம்மா?' என்று ஒரு கேள்வி கேட்பதற்குத் தனி இயந்திரம் வேண்டாம்.

2025-26 மத்திய பட்ஜெட்டில், மூன்று ஆண்டுகளில் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் புற்றுநோய் பகல்நேரச் சிகிச்சை மையம், முதல் ஆண்டில் 200 மையங்கள் என்று அறிவித்தார்கள். கீமோவுக்காக அலைவது குறையும், நல்லதுதான். அதற்கு முந்தைய படியான எண்டோஸ்கோபி எங்கே, எத்தனை நாள் காத்திருப்பில் கிடைக்கிறது என்ற கேள்வியையும் மக்கள் பிரதிநிதிகளிடம் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.

செலவும் தயாரிப்பும்

தனியார் மையங்களில் பெட்-சிடி கட்டணம் பொதுவாக ஐந்து இலக்கத்தில் இருக்கும். ஆயுஷ்மான் பாரத் அட்டை இருந்தால், எந்தப் பரிசோதனை எந்தச் சிகிச்சைத் தொகுப்பில் சேர்கிறது என்று மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்ட்டரில் முன்கூட்டியே கேளுங்கள். வெளியே எடுத்துவிட்டு பில்லைக் கொண்டுபோய்க் கேட்டால் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

ஸ்கேன் எடுப்பது முடிவானால்:

• 4 முதல் 6 மணி நேரம் வெறும் வயிறு. சாதாரணத் தண்ணீர் குடிக்கலாம்.
• ரத்தச் சர்க்கரை பொதுவாக 200-க்குள் இருக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகள் மாத்திரை, இன்சுலின் பற்றி முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.
• முந்தின நாள் கடினமான வேலை, நீண்ட சைக்கிள் மிதிப்பு வேண்டாம். வேலை செய்த தசையும் ஒளிரும்.
• ஊசி போட்ட பிறகு சுமார் ஒரு மணி நேரம் பேசாமல், அசையாமல் ஓய்வு.
• பழைய டிபி சிகிச்சை, சமீபத்திய காய்ச்சல், தடுப்பூசி, பயாப்ஸி செய்த தேதி எல்லாவற்றையும் சொல்லுங்கள். பொய் அலாரத்தைக் குறைக்க இதுதான் வழி.
• கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள் கட்டாயம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். ஸ்கேன் முடிந்த சில மணி நேரத்துக்குக் கைக்குழந்தையைத் தூக்கி வைத்திருப்பதைத் தவிர்க்கவும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

• எங்க அப்பாவுக்குக் கட்டி எத்தனை ஆழம்னு நினைக்கிறீங்க? எதை வெச்சு?
• எண்டோஸ்கோபி வழியாவே எடுக்க வாய்ப்பு இருக்கா?
• பெட் ரிப்போர்ட் எப்படி வந்தாலும் சிகிச்சை அதேதானா, இல்ல மாறுமா?
• ஏதாவது ஒளிர்ந்தா, அதை ஊசி வெச்சு உறுதி செய்வீங்களா?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். 'எப்படி வந்தாலும் அதே சிகிச்சைதான்' என்று பதில் வந்தால், அந்த ஸ்கேன் இப்போதைக்குத் தேவையில்லை என்று அர்த்தம்.

யார் எப்போது உஷாராக வேண்டும்?

ஸ்குவாமஸ் வகைக்குப் புகையிலையும் மதுவும் முக்கியக் காரணங்கள். இரண்டும் சேர்ந்தால் ஆபத்து கூட்டலாக ஏறாது, பெருக்கலாக ஏறும். சாராயக் கடையும் கள்ளுக்கடையும் சட்டப்படியே நடக்கும் புதுச்சேரி கிராமங்களுக்கு இது வெறும் புள்ளிவிவரம் இல்லை. வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் போடுவதும் காரணம். பாக்கு மட்டுமே கூட புற்றுநோயை உண்டாக்கும் என்று வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான பானங்களை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை' என்று 2016-இல் உலக சுகாதார நிறுவனத்தின் முகமை சொன்னது. டீயை ஊதிக் குடிப்பது நல்ல பழக்கம்தான்.

முதலில் இட்லி, சோறு, கறி மாதிரி கெட்டியானது அடைக்கும். பிறகு கஞ்சி. கடைசியில் தண்ணீரே இறங்காது. இந்த வரிசையில் முதல் படியிலேயே, அதாவது கெட்டி உணவு இரண்டு மூன்று வாரமாக அடைப்பது போல் இருந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, குரல் மாறினாலோ, எண்டோஸ்கோபி கேட்டு வாங்குங்கள். குறிப்பாகக் குடி, புகை இரண்டும் உள்ள 40 வயதைத் தாண்டியவர்கள்.

எண்டோஸ்கோபி என்பது பத்து நிமிட வேலை. பெட் ஸ்கேனை ஒப்பிட்டால் செலவும் மிகக் குறைவு. பெட் ஸ்கேன் தேவையே இல்லாத நிலையில் நோயைப் பிடிக்க அதுதான் வழி.